ஊழியக்காரர் வேலையை விட வேண்டுமா, சபை அவருக்குச் சம்பளம் கொடுக்கலாமா?

கிளிநொச்சிப் பக்கத்தில் அரச பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கும் சகோதரர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை நேரங்களிலும் அவர் தமது சபையில் போதித்து வருகிறார். அழைப்புப் பெற்றவன் பேதுருவைப்போல வலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரவேண்டும் என்று அவருடைய போதகர் சொல்கிறார். தேவ வசனத்தைச் சொல்லிக் காசு வாங்குவது பாவம் என்று தகப்பனார் சொல்கிறார். இருவருமே வேதத்தைக் காட்டுவதால் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. சம்பளம் வாங்குவது சரியா என்பது ஒன்று. வேலையை விடாதவனுடைய ஊழியம் குறைந்த ஊழியமா என்பது மற்றது. அவர் எழுதாமல் விட்ட மூன்றாவது கேள்வியொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: வேலையை விட்டால் என் பிள்ளைகளின் சோற்றுக்காக நான் யாருடைய முகத்தைப் பார்க்கவேண்டி வரும்? என் அனுபவத்தில் மற்ற இரண்டையும்விடப் பாரமானது இந்த மூன்றாவது கேள்விதான்.

நான் பதினொரு ஆண்டுகள் ஆசிரியராக இருந்துகொண்டே சபைகளில் பிரசங்கித்தவன். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலும் தீவகத்திலும் முழுநேரப் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன். போதகர்களின் படியை, அதாவது சபை மாதந்தோறும் கொடுக்கும் தொகையை, தீர்மானிக்கும் குழுவிலும் சில காலம் இருந்திருக்கிறேன். புரட்டஸ்தாந்து சபையொன்றைச் சேர்ந்தவன் என்பதால் என் பார்வைக்கு அந்தச் சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தகப்பனார் காட்டியது மத்தேயு 10:8 ஆக இருக்கவேண்டும்: "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்." அதற்கு இரண்டு வசனம் தள்ளி அதே வாய் சொல்கிறது: "வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரனாயிருக்கிறான்." கொடுப்பதற்கு விலை வைக்கக்கூடாது, கொடுப்பவனைப் பட்டினி போடவும் கூடாது. ஆண்டவரே மகதலேனா மரியாள், யோவன்னாள், சூசன்னாள் முதலிய பெண்கள் தங்கள் ஆஸ்திகளால் செய்த உதவியில் ஊழியம் நடத்தினார் என்று லூக்கா எட்டாம் அதிகாரம் சொல்கிறது. பவுலோ கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், போர்ச்சேவகன், திராட்சத்தோட்டம் வைத்தவன், மந்தை மேய்ப்பவன், ஆலயப் பணிவிடைக்காரன் என்று ஒவ்வொருவராகக் காட்டி, சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று கர்த்தரே கட்டளையிட்டதாக முடிக்கிறார். கலாத்தியர் 6:6 போதிக்கப்படுகிறவனைப் போதிக்கிறவனோடு சகல நன்மைகளையும் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது. ஆகவே ஊழியக்காரர் ஆதரவு பெறுவது பாவம் என்று வேதத்தைக் கொண்டு நிலைநாட்ட முடியாது. உங்கள் தகப்பனாரிடம் இதை மரியாதையோடு சொல்லலாம்.

ஆனாலும் அவருடைய மனக்குறை எங்கிருந்து வருகிறது என்பதை நான் விளங்கிக்கொள்கிறேன். 'பிழைப்பு' என்ற சொல்லைப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் அது சீவனோபாயம், அவ்வளவுதான். இன்று நம் பேச்சில் "ஊழியத்தைப் பிழைப்பாக்கிப் போட்டான்" என்றால் அது வசை. சொல் இப்படிக் கறைபட்டதற்குச் சொல் காரணமல்ல. ஒரே தலைமுறைக்குள் கொட்டிலில் தொடங்கி மாடிவீடு கட்டியவர்களையும், காணிக்கைக் கணக்கைக் கேட்டவரைச் சாபத்தால் பயமுறுத்தியவர்களையும் சனங்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிக் கண்டவர் ஒருவர் தம் மகன் அந்தப் பெயரை வாங்கக்கூடாது என்று பயப்படுவது நியாயமானது.

உங்கள் போதகர் சொல்வதற்கு வருகிறேன். பேதுரு வலையை விட்டார் என்பது உண்மை. பவுல் ஊசியை விடவில்லை என்பதும் உண்மை. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் பண்ணும் தொழில் செய்தார். எபேசுவின் மூப்பரிடம் விடைபெறும்போது, தன் தேவைகளுக்கும் தன்னோடிருந்தவர்களின் தேவைகளுக்கும் இந்தக் கைகளே வேலை செய்தன என்று கைகளைக் காட்டிப் பேசினார். ஆதரவு பெறும் உரிமையை ஒன்பதாம் அதிகாரத்தில் அவ்வளவு வலுவாக நிலைநாட்டியவர், அதே மூச்சில் நான் அதை அனுபவிக்கவில்லை என்கிறார். இதில் கவனிக்கவேண்டியது, அவர் எல்லோரிடமும் மறுக்கவில்லை என்பதே. பிலிப்பியர் அனுப்பியதை வாங்கினார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஒன்றிரண்டு முறை வாங்கினார். கொரிந்துவில் இருந்தபோதே மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் கொண்டுவந்ததை வாங்கினார். கொரிந்தியரிடமோ வாங்கவில்லை. பேச்சாளருக்குப் பணம் கொடுத்துத் தம் ஆளாக்கிக்கொள்ளும் செல்வந்தர்கள் அந்த நகரத்தில் இருந்தார்கள் என்பதும், அவர்களுடைய பிடியில் அகப்பட அவர் விரும்பவில்லை என்பதும் வேத அறிஞர் பலரின் விளக்கம். அந்த விளக்கம் நிருபத்தின் போக்கோடு நன்றாகப் பொருந்துகிறது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அது விளக்கம்தான், பவுல் அந்தச் சொற்களில் எழுதியதல்ல. எப்படியாயினும், தொழில் செய்துகொண்டு ஊழியம் செய்தவனை அரை ஊழியக்காரன் என்று சொல்பவர் முதலில் பவுலை அப்படிச் சொல்லவேண்டி வரும்.

இனி, உறுதியில்லாத இடங்கள். நன்றாய் விசாரிக்கிற மூப்பரை இரட்டிப்பான கனத்திற்குப் பாத்திரராக எண்ணவேண்டும் என்று முதலாம் தீமோத்தேயு 5:17 சொல்கிறது. அங்கேயுள்ள கிரேக்கச் சொல்லுக்கு மரியாதை என்றும் பொருளுண்டு, விலை என்றும் பொருளுண்டு. நம்முடைய 'மதிப்பு' என்ற சொல்லைப் போல. அடுத்த வசனம் போரடிக்கிற மாட்டையும் வேலையாளின் கூலியையும் பேசுவதால் பொருளுதவி அதில் அடங்கியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 'இரட்டிப்பு' என்பது சம்பளத்தின் அளவா, வெறும் மிகுதியைக் குறிக்கும் வழக்கா என்பது தீராத விவாதம். தசமபாகமும் அப்படியே. லேவியருக்குச் சுதந்தரமாகக் காணி கிடைக்காததால் இஸ்ரவேலின் தசமபாகம் அவர்களுக்கு என்று எண்ணாகமம் பதினெட்டாம் அதிகாரம் விதித்தது. அது கொடுபடாதபோது லேவியர் அவரவர் வயலுக்கு ஓடிப்போனதை நெகேமியா கண்டார். அந்தக் காட்சியை நான் இங்கேயும் கண்டிருக்கிறேன். ஆனால் சபையின் போதகருக்குத் தசமபாகம் சேரவேண்டும் என்ற கட்டளை புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. நல்ல அளவுகோலாக அதை ஏற்கலாம். கொடாதவன் தேவனைத் திருடினான் என்று மேடையில் நின்று தன் சம்பளத்துக்காகவே மிரட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

ஆதிச்சபையும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. 'திதாக்கே' என்னும் மிகப் பழைய சபை ஒழுங்குநூல், ஊருக்கு வரும் அப்போஸ்தலன் போகும்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான அப்பத்தைத் தவிர வேறொன்றும் கொண்டுபோகக்கூடாது, காசு கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. அதே நூல், ஊரிலேயே தங்கிவிடும் உண்மையான தீர்க்கதரிசிக்கும் போதகனுக்கும் ஆகாரம் உரியது, முதற்பலனைக் கொடுங்கள் என்கிறது. பின்பு 451இல் கல்செதோன் சங்கம், இலாபத்துக்காகப் பிறருடைய சொத்துக்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் குருமாரைக் கண்டித்தது. சபைப் பணத்தால் கெட்டவரும் உண்டு, வெளித்தொழிலால் கெட்டவரும் உண்டு என்பது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி.

நம் மண்ணின் கதைக்கு வருவோம். 1687இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கூலியாளின் வேடத்தில் இங்கே வந்து சில்லாலையில் மறைந்திருந்து மக்களைத் தேற்றிய கத்தோலிக்கக் குரு யோசேவாஸ் முனிவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க யாருமில்லை. பசித்தவர்கள் பகிர்ந்த சோறுதான் அவருடைய படி. 1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கியபோது நிலைமை முற்றாக வேறு. உபதேசிமாரும் ஆசிரியர்களும் பொஸ்தன் நகரத்திலிருந்த அவர்களுடைய மிசன் சங்கத்தின் காசில் சம்பளம் பெற்றார்கள். அவர்களுடைய உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசாங்கத்திலும் நல்ல சம்பளம் காத்திருந்தது. கிராமச் சபையொன்று அந்த அளவைத் தாங்கும் நிலையில் இருக்கவில்லை. 1855இல் அந்தச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் இங்கு வந்து பார்த்தார். சபை தன்னைத் தானே தாங்கவேண்டும், தானே ஆளவேண்டும், தானே பரப்பவேண்டும் என்ற கொள்கைக்குப் பேர்போனவர் அவர். அந்த ஆண்டிலேயே செமினறி மூடப்பட்டது. அவர் கேட்ட கேள்வி சரியானது என்றும், கண்ட பரிகாரம் கொடியது என்றும் நான் எண்ணுகிறேன். 1872இல்தான் அந்த இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்பியது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெஸ்லியன் மிசன் பாடசாலையில் சம்பளத்துக்குக் கற்பித்த ஆறுமுக நாவலர் 1848இல் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். நம் மார்க்கத்தவர் அல்லாத ஒருவர் தம் கொள்கைக்காகச் சம்பளத்தைத் துறந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. சம்பளத்துக்காகப் பேசுகிறான் என்ற பேச்சு இங்கே கிறிஸ்தவ ஊழியனின் காதில் மற்ற இடங்களைவிட உறைப்பாக விழுவதற்கு இந்தச் சரித்திரமும் ஒரு காரணம்.

ஆனால் அதே காலத்திலிருந்து வந்த அழகான மரபும் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாதமுடிவில் சபைக்குக் கொண்டுவந்த நம் பாட்டிமாரின் பிடியரிசி. ஆண்டவருக்கென்று ஒதுக்கிய தென்னையின் தேங்காய்கள். அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும் பூசணிக்காயும் வாழைக்குலையும். ஒரு பிடி அரிசி யாரையும் வாங்காது. நூறு வீட்டுப் பிடியரிசியில் வாழ்ந்த போதகர் நூறு வீட்டுக்கும் கடன்பட்டவர்; ஒரு வீட்டுக்கு அடிமைப்பட்டவர் அல்ல. நான் இங்கே சொல்ல வந்ததன் கரு இதுதான். சம்பளம் என்பதைவிட அது எத்தனை கைகளிலிருந்து, எவ்வளவு வெளிச்சத்தில் வருகிறது என்பதே ஊழியக்காரரைத் தாங்குகிறது அல்லது விழுத்துகிறது.

ஆசிரியராக இருந்தபடி ஊழியம் செய்த காலத்தில் எனக்கொரு பெரிய சுதந்திரம் இருந்தது. சீதனத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன். சாதி பார்த்துக் கல்லறைக்கு இடம் ஒதுக்குவதைப் பற்றிப் பிரசங்கித்தேன். முன்வாங்கில் இருந்த பெரியவர்களின் முகம் கறுத்தது, என் உலை கொதித்தது. பிற்காலத்தில் முழுநேரமான பிறகு அதே பிரசங்கத்தை எழுதும்போது, என்னையறியாமலே இரண்டு வாக்கியங்களை மென்மையாக்கியதை நான் கண்டுபிடித்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை; மூத்த மகளின் ரியூசன் காசு அந்த மாதம் கட்டவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதே வேளையில், பகுதிநேரத்தின் குறையையும் நான் மறைக்கக்கூடாது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு வகுப்பில் நிற்கும்போது சபையில் ஒரு தாய் இறந்துபோன செய்தி வந்தது. பரீட்சை நடந்துகொண்டிருந்தது, அதிபர் விடவில்லை. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் துவிச்சக்கரவண்டியை உழக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அழுது ஓய்ந்திருந்த அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. நோயும் மரணமும் குடும்பத்துச் சண்டையும் மாலை நாலு மணி ஆகட்டும் என்று காத்திருந்து வருவதில்லை. ஆசுபத்திரியில் நோயாளியைப் பார்க்கும் நேரம் நம் வசதிக்கு அமைவதில்லை. வேதத்தைப் படிக்கவும் நேரம் வேண்டும். நாள் முழுதும் கரும்பலகை முன் நின்று களைத்தவன் சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஆயத்தம் பண்ணும் பிரசங்கத்தைச் சபை ஆண்டுக்கணக்காகச் சாப்பிட்டால் மெலிந்துபோகும். ஐம்பது குடும்பத்துக்கு மேற்பட்ட சபைக்கு, பகல் முழுதும் கையிலிருக்கும் ஒரு மேய்ப்பர் வேண்டும் என்பது என் அனுபவத் தீர்ப்பு. பத்து, பதினைந்து குடும்பம் உள்ள சபைக்கு அது அவசியம் என்று நான் சொல்லமாட்டேன்.

முழுநேரத்தில் நான் பட்டதையும் சொல்கிறேன். ஒரு சபையில் பொருளாளர் என் படியைத் தமது வீட்டு வாசலில் வைத்தே தருவார். மாதத்தின் முதற்கிழமையில் போனால் "ஐயா, நாளைக்கு வாங்கோ" என்பார். மூன்று முறை நடந்தபின் வேலியடியில் நின்று வாங்குவேன். தொகை முழுமையாகவே இருந்தது. வாங்கிய விதம் என் குரலைச் சில காலம் தின்றுவிட்டது. இதற்கு எதிர்ப்புறமாக, 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது, பல மாதம் படி என்ற பேச்சே இருக்கவில்லை. பாடசாலைக் கட்டடமொன்றில் எங்களோடு இருந்த குடும்பங்கள் ஒடியல் மாவிலும் நிவாரண அரிசியிலும் எங்களுக்கு ஒரு பங்கை எடுத்து வைத்தார்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பாயில் படுத்தோம். கலாத்தியர் சொல்லும் 'பகிர்ந்துகொள்ளுதல்' என்பதன் பொருளை வேதப் பள்ளியில் படித்தேன், அங்கேதான் விளங்கிக்கொண்டேன்.

இன்று இங்கே பரவியிருக்கும் மற்றொரு வழி வெளிநாட்டுக் காசு. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் ஒரு குடும்பம் ஊரிலுள்ள ஒரு போதகரைத் தாங்குகிறது. அவர்களுடைய அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. போருக்குப் பிறகு பல சபைகள் எழுந்து நின்றது அந்த அன்பினால்தான். ஆனால் அங்கே ஒருவருக்கு வேலை போனால் இங்கே ஒரு சபை ஆட்டங்காண்கிறது. அதைவிடப் பெரிய தீங்கு, உள்ளூர்ச் சபையார் கொடுக்கப் பழகாமலே போவது. போதகரும் தமக்கு முன்னிருக்கும் சனங்களைவிடக் கைத்தொலைபேசியில் படம் எதிர்பார்க்கும் நன்கொடையாளருக்கே கணக்குக் கொடுக்கப் பழகுகிறார். அண்டர்சன் 1855இல் கேட்ட கேள்வி வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது. கட்டடத்துக்கோ கிணற்றுக்கோ வெளியிலிருந்து வாங்குங்கள். போதகரின் சோற்றில் ஒரு பகுதியாவது அவர் மேய்க்கும் மந்தையிலிருந்து வரட்டும்.

எவ்வளவு கொடுப்பது என்று சபையார் என்னிடம் கேட்டால் எளிய கணக்கொன்றைச் சொல்வேன். பத்துக் குடும்பம் உண்மையாகத் தசமபாகம் கொடுத்தால், அந்தப் பத்தின் நடுத்தர வாழ்க்கையைப் போதகரின் குடும்பமும் வாழலாம். கட்டடமும் மின்சாரமும் ஏழைகளின் பங்கும் வேண்டுமென்றால் இன்னும் பத்துக் குடும்பம் வேண்டும். அவர்களைவிட மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். போதகரின் மனைவியைச் சபைகள் மறந்துபோவது எனக்குத் தீராத வருத்தம். பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பாடசாலை, வருகிறவருக்கெல்லாம் தேநீர் என்று முழுநேரமாக உழைத்தும் படிப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஓய்வுகாலமும் அப்படித்தான். தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதியில் அவர் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12 என்று சேர்கிறது. முப்பது ஆண்டு மிசன் வீட்டில் இருந்த போதகர் அறுபத்தைந்தில் வெளியே வரும்போது சிலருக்குக் காணியுமில்லை, சேமிப்புமில்லை. போதகருக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்; அந்த அளவைச் சபை தானாகவே அவர் பெயரில் வங்கியில் வைக்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

மற்றச் சபைகளின் வழியையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு குருமாருக்குத் தகுந்த ஆதரவு வேண்டும் என்கிறது, அனுமதியின்றி வியாபாரத்தில் ஈடுபடுவதைத் தடுக்கிறது, பூசைக் காணிக்கையில் வியாபாரச் சாயல்கூட இருக்கலாகாது என்கிறது. நம் நாட்டிலேயே தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிசன் ஊழியர்கள் சம்பளமே இல்லாமல், திருமணமும் செய்யாமல், விசுவாச வீட்டில் கூட்டாக வாழ்கிறார்கள். இரண்டும் ஒழுங்காக நடப்பது குடும்பப் பாரம் இல்லாததாலும் பின்னால் ஒரு சமூகம் நிற்பதாலும்தான். மனைவியும் பிள்ளைகளும் உள்ள ஒருவரிடம் அந்த விசுவாசத்தைக் கேட்டு, அந்தச் சமூகத்தைக் கொடாமல் விடுவது அநியாயம்.

சகோதரரே, உங்கள் சபையில் பதினெட்டுக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு போதகரும் ஏற்கெனவே இருக்கிறார். இந்த நிலையில், ஓய்வூதியமுள்ள ஆசிரியத் தொழிலை நீங்கள் இப்போது விடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அழைப்பு உண்மையா என்று தீர்க்க என்னால் முடியாது. அதை உங்களை அறிந்த சபையும் உங்கள் மனைவியும் உங்களோடு சேர்ந்து சோதிக்கவேண்டும். ஆனால் போதகரிடம் மூன்று காரியங்களைச் செயற்குழுவுக்கு முன்பாகக் கேளுங்கள். என் படியை எந்தெந்தக் குடும்பங்கள் தாங்கும், அதை யார் எந்தத் திகதியில் என் கணக்கில் போடுவார், வருடத்துக்கு ஒருமுறை வரவுசெலவு முழுச் சபைக்கும் வாசிக்கப்படுமா? தெளிவான பதில் எழுத்தில் வந்தால் மனைவியோடு ஜெபித்துத் தீர்மானியுங்கள். விசுவாசமில்லாதவன் கேட்கும் கேள்வி என்று அவர் கோபப்பட்டால், இராசினாமாக் கடிதத்தை எழுதாமல், திங்கட்கிழமை வழமைபோல வகுப்புக்குப் போங்கள்.